நாய் வளர்க்காத வீடும் நாய் உண்ணியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



உண்ணி என்றால் என்னவென்று நம் பகுதி மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகை நெடுகிலும் தலைமுறை தலைமுறையாகத் தோலோடு வாழ்ந்து வருபவர்கள் நாம். ஆடோ மாடோ உயிரோடிருந்தபோது உண்ணி கடித்த இடம், முடி நீங்கித் தோல் பதப்பட்டபின் சிறு குழியாகவும் தழும்பாகவும் வெளிப்படும் என்பது தரம் பிரிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அத்தழும்பு மிகுந்த தோல் முதல் தரத்தில் சேராது, விலை குறையும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, ஒரு தழும்பையும் விடாமல் கண்டுபிடிக்கும் கண்கள் நம்முடையவை.

அதே கண்கள் நம் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உண்ணியைக் காண்பதில்லை. கண்டாலும், “ஏதோ பூச்சிக் கடி” என்று கிள்ளி எறிந்துவிட்டு மறந்துவிடுகிறோம். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும்போது அந்தக் கடி எவர் நினைவிலும் இருப்பதில்லை. “நம் வீடுகளில் நாய் வளர்ப்பதில்லை, ஆகவே நாய் உண்ணி நம் கவலையன்று” என்ற எண்ணமும் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அவ்வெண்ணம் சரியானதன்று என்பதையும், இவ்விஷயத்தில் மார்க்கம் நம்மீது சுமத்தும் பொறுப்பு நம் வாசற்படியோடு முடிவதில்லை என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்ணி நாயோடு நிற்பதில்லை

நம் தெருநாய்களின் காதிலும் கழுத்திலும் விரலிடுக்கிலும் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது பழுப்பு நிற நாய் உண்ணி. இது தன் வாழ்நாள் முழுவதையும் நாயின் உடலிலேயே கழிப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த ஆறு கால் குஞ்சு ஒருமுறை இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுகிறது. எட்டுக் கால் இளம் பருவத்தை எய்தி மீண்டும் ஓர் உடலில் ஏறி, குடித்து, விழுகிறது. வளர்ந்தபின் மூன்றாம் முறையும் அவ்வாறே செய்கிறது. இடைப்பட்ட காலமெல்லாம் சுவர் விரிசல், திண்ணை இடுக்கு, கதவு நிலையின் பொந்து, கோணிக் குவியல், ஆட்டுக் கொட்டகையின் மூங்கில் தட்டி ஆகியவையே அதன் இருப்பிடம். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி சுவரேறிச் சென்று, இடுக்கில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு மடிகிறது. உணவின்றிப் பல மாதங்கள் உயிர் வாழவும் அதனால் முடியும்.

ஆகவே, நம் வாசலில் ஓரிரவு படுத்துச் சென்ற நாய் போய்விட்டாலும், அது உதிர்த்துவிட்டுப் போனவை நம் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. நாயின் இரத்தத்தையே அவை விரும்பினாலும், நாய் கிடைக்காதபோதும், எண்ணிக்கை பெருகியபோதும், வெயில் கடுமையாகும்போதும் மனிதரையும் கடிக்கின்றன. வேலூர் வெயிலைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாயை விரட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்போர் இதைக் கவனிக்க வேண்டும். நாயை மட்டும் அகற்றிவிட்டுச் சுவர் இடுக்குகளை அப்படியே விட்டால், பசித்த உண்ணிக்கு எஞ்சியிருப்பது நம் உடல்தான்.

ஒரே பெயரில் இரண்டு காய்ச்சல்கள்

தமிழ் நாளேடுகள் “உண்ணிக் காய்ச்சல்” என்று எழுதும்போது பெரும்பாலும் குறிப்பிடுவது ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் நோயை. அது நாய் உண்ணியால் வருவதன்று. புதர்களிலும் எலிகள் நடமாடும் இடங்களிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. நாய் உண்ணியால் வரும் காய்ச்சல் வேறு. ரிக்கெட்சியா கோனோரி என்னும் நுண்ணுயிரியால் உண்டாகும் அதனை மருத்துவர்கள் இந்திய உண்ணி டைஃபஸ் என்றும், புள்ளிக் காய்ச்சல் வகையைச் சேர்ந்தது என்றும் கூறுவர். இக்கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் செல்லக்கூடியது.

இவ்விரண்டும் நம் மாவட்டங்களுக்கு அந்நியமானவை அல்ல. 2001–2002 ஆம் ஆண்டின் குளிர் மாதங்களில் இப்பகுதியில் ஸ்க்ரப் டைஃபஸ் பரவியதை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். புள்ளிக் காய்ச்சல் நோயாளிகளையும் அங்கே கண்டறிந்து எழுதியுள்ளனர். கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு எந்த மருந்து சிறந்தது என்று, சி.எம்.சி. மருத்துவர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிடச் சிக்கல்களைக் குறைக்கிறது என்று அது காட்டியது. உலகமே பின்பற்றத்தக்க ஒரு மருத்துவ முடிவு நம் வேலூரிலிருந்து புறப்பட்டிருக்கிறது. அந்த அறிவு ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஆம்பூரின் வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை என்பதே நம் வருத்தம். 2025 தொடக்கத்தில் தமிழக அரசின் பொது சுகாதாரத் துறையும் ஸ்க்ரப் டைஃபஸ் குறித்து எச்சரிக்கை விடுத்தது.

கடி பட்டு ஏறத்தாழ ஒரு வாரத்தில், சில வேளைகளில் இரண்டு வாரத்தில், கடும் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் தொடங்கும். புள்ளிக் காய்ச்சலில் மணிக்கட்டு, கணுக்கால் பகுதிகளில் சிவந்த புள்ளிகள் தோன்றி உடலெங்கும் பரவும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடப் புள்ளிகள் வரலாம். ஸ்க்ரப் டைஃபஸில் கடித்த இடம் சிகரெட் சூடு பட்டதைப் போன்று வலியற்ற கறுத்த பொருக்காக மாறலாம். புள்ளிக் காய்ச்சலிலும் சிலருக்கு அவ்வாறு நிகழ்வதுண்டு. இவை எல்லா நோயாளிகளிடமும் தென்படுவதில்லை என்பதால்தான் டெங்கு என்றும் டைபாய்டு என்றும் தவறாக எண்ணி நாள்கள் கடந்துவிடுகின்றன.

அந்த நாள்கள் விலைமதிப்பற்றவை. சாதாரணக் காய்ச்சலுக்கு வழக்கமாகத் தரப்படும் பென்சிலின் வகை மருந்துகள் இக்கிருமிகளிடம் பலிப்பதில்லை. டாக்ஸிசைக்ளின் உரிய நேரத்தில் தொடங்கப்பட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் காய்ச்சல் தணியும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எனப் பாதிப்பு பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். சில ரூபாய் மாத்திரையில் தீர வேண்டியது தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போவது, தினக்கூலி பெறும் நம் தொழிலாளர் குடும்பங்களுக்கு எத்தகைய பேரிடி என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் எவரும் தாமாகவே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கலாகாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். “உண்ணி கடித்தது”, “தெருவில் நாய்கள் அதிகம்”, “ஆட்டுக் கொட்டகையில் வேலை செய்தேன்” என்று நாம் சொல்லும் ஒரு வாக்கியம் அவருக்குப் பெரிய துணை.

வெட்கம் ஈமானின் கிளை. மறைத்தல் அதன் பொருளன்று

இங்கே நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு தடையைப் பற்றிப் பேசியாக வேண்டும். அந்தக் கறுத்த பொருக்கு பெரும்பாலும் ஆடை மறைக்கும் இடங்களில்தான் இருக்கும். அக்குள், மார்பின் அடிப்புறம், இடுப்பு, தொடை இடுக்கு, ஆண்களுக்கு மறைவுறுப்பு ஆகிய இடங்களை முழுமையாகத் தேடிப் பார்க்க வேண்டும் என்று இந்நோயைக் கண்டு பழகிய மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளிக்கே அது தெரியாமலிருக்கும்.

நம் பெண்களும் முதியோரும் வெட்கத்தின் காரணமாகச் சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். நாணம் ஈமானைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் சிகிச்சைக்கான தேவை ஏற்படும்போது, தேவையான இடத்தைத் தேவையான அளவுக்கு மருத்துவரிடம் காட்டுவதற்கு நம் சட்ட அறிஞர்கள் தெளிவாக அனுமதி அளித்திருக்கின்றனர். பெண் மருத்துவர் இருந்தால் அவரை நாடுவது சிறப்பு. இல்லையெனில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மார்க்கமன்று. எந்நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்று கூறி, மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

வீட்டிலேயே தேடிப் பார்க்க நமக்கு வழி இருக்கிறது. நாளொன்றுக்குப் பலமுறை உளூச் செய்கிறோம். காதின் உட்புறமும் பின்புறமும் விரல் செல்கிறது. கால் விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோம். அவ்வேளையில் சற்றே கவனம் வைத்தால் ஒட்டியிருக்கும் உண்ணி விரலுக்குத் தட்டுப்படும். குளிக்கும்போது அக்குள், தொப்புள், இடுப்புமடிப்பு ஆகிய இடங்களையும், பிள்ளைகளுக்குத் தலைவாரும்போது முடியின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும்.

உண்ணியைக் கண்டால் தீக்குச்சியால் சுடுவதோ, மண்ணெண்ணெய் அல்லது சுண்ணாம்பு தடவுவதோ கூடாது. நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி அதன் தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. அதன் உடல்நீர் நம் கீறலிலோ கண்ணிலோ பட்டாலும் கிருமி தொற்றக்கூடும். பின்னர் கடித்த இடத்தையும் கையையும் சோப்பால் கழுவி, அன்றைய தேதியைக் குறித்து வைக்க வேண்டும். அடுத்த இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் தேதி மருத்துவருக்குத் தேவைப்படும்.

நம் முன்னோரான ஹனஃபி சட்ட அறிஞர்கள் உண்ணியைக்கூடக் கவனிக்காமல் விடவில்லை. கொசு கடித்தால் உளூ முறியாது. ஆனால் அட்டையோ பெரிய உண்ணியோ, வழிந்தோடக்கூடிய அளவு இரத்தத்தை உறிஞ்சிவிட்டால் உளூ முறியும் என்று எழுதி வைத்தனர். எவ்வளவு இரத்தம் போனது என்று ஆராய்ந்த மரபில் வந்தவர்கள், என்ன கிருமி வந்தது என்று ஆராயாமல் இருக்கலாமா?

நாயை வெறுக்கச் சொன்னவர் யார்?

நாயின் உமிழ்நீர் அசுத்தம் என்பதை அறிவோம். அது வாய்வைத்த பாத்திரத்தை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்பது கடற்கரைப் பகுதிச் சகோதரர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். நம் பகுதியில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் மூன்றுமுறை கழுவுவது கட்டாயம், ஏழுமுறை விரும்பத்தக்கது. சட்டம் சொல்வது தூய்மையைப் பற்றி. அதிலிருந்து வெறுப்பை வருவித்துக்கொண்டது நாம்.

தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டுக் கிணற்றைச் சுற்றி வந்த ஒரு நாய்க்காக, கிணற்றிலிறங்கித் தம் தோல் காலுறையில் நீரை நிரப்பி, அதை வாயால் கவ்விக்கொண்டு மேலேறி வந்து புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பாவத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஒரு பெண்ணும் அவ்வாறே நாய்க்கு நீர் புகட்டியதால் மன்னிக்கப்பட்டார். உலகெங்கும் காலணி செய்து அனுப்பும் ஊர்க்காரர்களாகிய நாம், ஒரு தோல் காலுறை சுவனத்துக்கு வழியான இச்செய்தியை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருப்போம்! குகைவாசிகளோடு வாசலில் கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயைத் திருக்குர்ஆன் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் குறிப்பிடாமல் விடவில்லை. வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதியும் உண்டு.

உமர் (ரலி) அவர்கள் இஹ்ராம் அணிந்திருந்த நிலையில், சுக்யா என்னுமிடத்தில் தம் ஒட்டகத்திலிருந்து உண்ணிகளைப் பிடுங்கிச் சேற்றில் போட்டதை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார். இஹ்ராமில் அது ஆகுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வாயில்லா உயிரின் உடலில் ஒட்டிய உண்ணியைத் தம் கையாலேயே அகற்றுவதைக் கண்ணியக் குறைவாக அவர்கள் கருதவில்லை என்பதில் கருத்து வேறுபாடில்லை.

நாய்களை அழைத்து வருவது எது?

தெருநாய்கள் பெருகிவிட்டன என்று நகராட்சியைக் குறைகூறுகிறோம். அக்குறை நியாயமானதே. ஆனால் நாய் உணவில்லாத இடத்தில் பெருகாது. பிரியாணிக்குப் பெயர்பெற்ற ஊரில் எலும்பும் எச்சிலும் தெருமுனையில் கொட்டப்படுகின்றன. திருமண மண்டபத்தின் பின்புறம் மீந்த உணவு குவிகிறது. தோலிலிருந்து சீவி எடுக்கும் சதைக் கழிவைச் சிலர் இரவோடிரவாக ஆற்றோரத்தில் தள்ளிவிடுகின்றனர். குர்பானி நாள்களில் குடலும் சாணமும் காலி மனைகளில் கிடக்கின்றன. இவற்றை உண்டு கொழுத்த நாய்களின் மேல் வளர்ந்த உண்ணிகள்தாம் நம் வாசலுக்கு வருகின்றன. அதே குப்பையில் எலியும் பெருகுகிறது. எலியோடு ஸ்க்ரப் டைஃபஸ் பூச்சியும் பெருகுகிறது.

பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. பாதையில் தொல்லையைக் கொண்டுபோய்ப் போடுவது எதன் கிளை என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மதரசாவுக்குக் காலையில் நடந்து செல்லும் சிறுபிள்ளைகளும், விடியலில் ஷிஃப்டுக்குப் போகும் பெண் தொழிலாளர்களும் கடந்து செல்வது அந்தத் தெருமுனையைத்தான்.

பாலாற்றின் கதை நமக்குப் பாடமாக இருக்கிறது. தோல் கழிவுநீரால் மண்ணும் கிணறும் கெட்டதைப் பல்லாண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தோம். 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே பெருமளவில் விழித்தோம். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியிருந்தது. தெருக்குப்பை விஷயத்திலும் நீதிமன்றம் வந்து சொல்லும்வரை காத்திருப்பது அழகன்று.

மஹல்லா செய்ய வேண்டியவை

நாய்களைக் கொன்றுவிடலாம் என்போருக்கு இரண்டு பதில்கள் உண்டு. நாய்களைக் கொல்லுமாறு முதலில் வந்த கட்டளையைப் பின்னர் நபி (ஸல்) அவர்களே விலக்கினார்கள் என்பது முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் காணப்படுகிறது. நாட்டின் சட்டமும், 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளின்படி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியுமே வழி என்கிறது. வெறிநாய்களுக்கும் கடிக்கும் நாய்களுக்கும் தனி நடவடிக்கைகள் உண்டு. அவற்றை நகராட்சியிடம் முறையாகக் கோரலாம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பூர்வகுடி மக்கள் வாழும் ஊர்களில், இதே பழுப்பு நாய் உண்ணி நம் ஊர்க் காய்ச்சலைவிடக் கொடிய புள்ளிக் காய்ச்சல் ஒன்றைப் பரப்பி உயிர்களைக் காவு கொண்டது. அங்கே 2012இல் நூற்றுக்கணக்கான வீடுகளில், நாய்களுக்கு உண்ணிக் கொல்லிக் கழுத்துப்பட்டை அணிவித்து, வீட்டைச் சுற்றி மருந்து தெளித்து, நாய்களைக் கட்டிப் பராமரிக்கச் செய்தனர். அந்த வீடுகளின் நாய்களில் உண்ணி ஏறக்குறைய இல்லாமலே போனது. ஒரு வீடு தனியாக இதைச் செய்தால் பலனில்லை. ஊரே சேர்ந்து செய்ததால் பலித்தது. ஜமாஅத் என்னும் அமைப்பு நமக்கு இருப்பது இதற்காகவும்தான்.

முதலாவதாக, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் எல்லைக்குள் இறைச்சிக் கழிவு தெருவில் விழாதிருக்க உணவகத்தார், இறைச்சிக் கடைக்காரர்கள், மண்டபத்தாரோடு அமர்ந்து பேசி, மூடிய தொட்டியும் அன்றாடம் அகற்றும் ஏற்பாடும் காண வேண்டும். குர்பானி நாள்களுக்கென முன்கூட்டியே தனித்திட்டம் வேண்டும்.

இரண்டாவதாக, கருத்தடைக்காக நாய்களைப் பிடிக்கும்போதே உண்ணி மருந்தும் தருமாறு நகராட்சியையும் கால்நடைத் துறையையும் கேட்க வேண்டும். அதற்கான செலவில் பங்கேற்பது, ஈரமான ஈரலுள்ள ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உதவியில் கூலி உண்டு என்ற நபிமொழியின்படி ஸதக்காவாகும். காவலுக்கு நாய் வைத்திருக்கும் தொழிற்கூடத்தார் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி அதற்கு முறையாக உண்ணி மருந்து தருவது கடமையே. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மீதோ வீட்டினுள்ளோ தெளிப்பது பெரும் ஆபத்து.

மூன்றாவதாக, வீடுகளில் சுவர் விரிசல்களைப் பூசி அடைத்து, கோணியும் விறகும் சுவரோரம் குவியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குர்பானிக்கு ஆடு வாங்கி வந்ததும் காது, மடி, வாலடி ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டின் மேலிருப்பவை பெரும்பாலும் வேறு வகை உண்ணிகளே; எனினும் அவற்றையும் வெறுங்கையால் நசுக்கக் கூடாது.

நான்காவதாக, மழைக்காலம் தொடங்கி குளிர் முடியும்வரை ஒரு ஜும்ஆ பயானிலாவது இக்காய்ச்சல்களின் அறிகுறிகளை உருதுவிலும் தமிழிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். பெண்கள் மதரசாக்களில் இது கட்டாயம் பேசப்பட வேண்டும். பிள்ளையின் உடலைக் காண்பதும், காய்ச்சலை முதலில் தொட்டறிவதும் தாயின் கைதான்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. தோலின் தழும்பைத் தேடும்போது நாம் காட்டும் கவனத்தில் ஒரு பங்கை, அல்லாஹ் நமக்கு அமானிதமாகத் தந்த உடல்களின் மீதும் நம் தெருவின் மீதும் காட்டினால் போதும்.

நம் வீடுகளையும் வீதிகளையும் தூய்மையாக்கவும், நம் பிள்ளைகளை நோயிலிருந்து காக்கவும், வாயில்லா உயிர்களிடம் இரக்கம் காட்டவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.